ஆண்டை முழுமையாக எழுதுங்கள்

(வானொலியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)

 

சில ஆண்டுகளுக்கு முன்பு, நான் பங்குத்தந்தையாக இருந்த ஓர் ஊரில் நடந்ததைச் சொல்லி இன்றைய சிந்தனையைத் தொடங்குகிறேன். அந்தப் பங்கின் பழைய திருமுழுக்குப் பதிவேடுகளைக் கரையான் அரிக்கத் தொடங்கியிருந்தது. இளைஞர் இயக்கப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் உட்கார்ந்து, எல்லாப் பக்கங்களையும் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தார்கள். எனக்குப் பெரிய நிம்மதி. இனிமேல் சான்றிதழ் கேட்டு யார் வந்தாலும் பெயரைத் தட்டினால் போதும்.

முதியோர் உதவித்தொகைக்கு வயதுச் சான்று வேண்டும் என்று ஒரு பாட்டி வந்தார். பெயரைத் தட்டினேன், அச்சடித்தேன், கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்துக் கொடுத்தேன். ஆனால் படித்துப் பார்க்கவில்லை. ஒரு வாரம் கழித்துப் பாட்டி திரும்பி வந்தார். "தோத்திரம் சாமி. ஆபீசுல எல்லாரும் சிரிக்கிறாங்க. நான் இன்னும் பிறக்கவே இல்லையாம்" என்று சொல்லிக் காகிதத்தை என் மேசைமேல் வைத்தார்.

பார்த்தேன். பிறந்த தேதி: 2028 டிசம்பர் 8.

பழைய பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். மங்கிய மையில் 12-8-28 என்று இருந்தது. பிள்ளைகள் அதை அப்படியே தட்டியிருக்கிறார்கள். அந்த மென்பொருளுக்குள் இரண்டு வழக்கங்கள் இருந்தன. ஒன்று, மாதத்தை முதலிலும் நாளைப் பின்னாலும் படிக்கிற அமெரிக்க வழக்கம். மற்றொன்று, 28 என்று இரண்டு இலக்கம் மட்டும் கொடுத்தால் அதை 2028 என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம். ஆகஸ்ட் 12 டிசம்பர் 8 ஆகிவிட்டது. 1928 என்பது 2028 ஆகிவிட்டது.

"பாட்டி, நீங்கள் பிறந்தது ஆகஸ்டா டிசம்பரா?" என்று கேட்டேன். யோசிக்காமலே பதில் வந்தது. "மாசமெல்லாம் தெரியாது சாமி. பரலோக மாதா திருநாளுக்குத்தான் எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தாங்களாம். அதுக்கு மூணு நாள் முன்னாடி பிறந்தேனாம். எங்க அம்மா சொல்லுவாங்க." பரலோக மாதா திருநாள் ஆகஸ்ட் 15. மூன்று நாள் முன்பு ஆகஸ்ட் 12. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய் மகளிடம் சொல்லிவைத்த கணக்கு சரியாக இருந்தது. நான் முத்திரை வைத்த கணக்குத் தவறாக இருந்தது.

புதிய சான்று கொடுத்தேன். ஆனாலும் அந்த அலைச்சலில் பாட்டிக்கு உதவித்தொகை மூன்று மாதம் தள்ளிப்போயிற்று. அந்தப் பணத்தில்தான் அவர் இரத்தக் கொதிப்பு மாத்திரை வாங்க நினைத்திருந்தார். தவறு பிள்ளைகளுடையது அல்ல, படிக்காமல் கையெழுத்துப் போட்ட என்னுடையது. அன்றிலிருந்து, இந்தத் தேதி என்னும் சின்ன விஷயத்துக்குப் பின்னால் என்ன வரலாறு இருக்கிறது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க வியப்பாக இருந்தது. ஏனென்றால் அந்த வரலாற்றில் பெரும்பகுதி நம் கோயில்களுக்குள் நடந்திருக்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் நீங்கள் என்னிடம் கேட்பது உண்டு: "சாமி, இந்த வருஷம் சாம்பல் புதன் என்றைக்கு?" கிறிஸ்து பிறப்பு விழா டிசம்பர் 25ஐ விட்டு நகர்வதில்லை. உயிர்ப்புப் பெருவிழாவோ மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறிலும் வரலாம். இன்று செல்போனைத் தட்டினால் ஒரு நொடியில் விடை வந்துவிடுகிறது. ஒரு காலத்தில் அந்த விடைக்காகத் துறவியர் ஆயுள் முழுதும் கணக்குப் போட்டார்கள்.

ஏன் அவ்வளவு கடினம்? 325ஆம் ஆண்டு கூடிய நிசேயா திருச்சங்கம், உயிர்ப்பு விழாவை எல்லாத் திருச்சபைகளும் ஒரே ஞாயிறில் கொண்டாட வேண்டும் என்று விரும்பியது. பின்பு நிலைபெற்ற விதி இது: வசந்த காலத்தில் பகலும் இரவும் சமமாக வரும் நாளாக மார்ச் 21ஐ வைத்துக்கொள்ள வேண்டும், அன்றோ அதற்குப் பிறகோ வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறுதான் விழா. ஆக, சூரியன், நிலவு, வாரத்தின் ஏழு நாள் ஆகிய மூன்றும் ஒரே கணக்குக்குள் வர வேண்டும். இந்த மூன்றும் ஒன்றோடொன்று மீதியில்லாமல் வகுபடுவதில்லை. இலத்தீனில் இந்தக் கணக்குக்குப் பெயரே 'கொம்புத்துஸ்'. எண்ணிப் பார்த்தல் என்று பொருள். நாம் இன்று சொல்லும் கம்ப்யூட்டர் என்ற சொல்லும் அதே வேரில் பிறந்தது. இடைக்கால ஐரோப்பாவில் கணிதத்துக்கு இருந்த முதன்மையான பயன் உயிர்ப்பு விழாவின் தேதியைக் கண்டுபிடிப்பதே என்று, கணினி அறிவியலின் பேராசான்களில் ஒருவரான டொனால்டு நூத் தம் நூலில் குறிப்பிட்டிருக்கிறார்.

எண்ணுவது எளிது என்று நாம் நினைக்கிறோம். வெள்ளிக்கிழமை சிலுவையில் இறந்த ஆண்டவர் ஞாயிறன்று உயிர்த்தார். வெள்ளியிலிருந்து ஞாயிறு வரை எத்தனை நாள்? பள்ளிக்கூடக் கணக்கில் கழித்தால் இரண்டு. நம் விசுவாச அறிக்கையோ மூன்றாம் நாள் என்று சொல்கிறது. இரண்டும் சரிதான். பழங்கால மக்கள் தொடக்க நாளையும் சேர்த்து எண்ணினார்கள்: வெள்ளி, சனி, ஞாயிறு, மூன்று. நாமும் துக்க வீட்டில் மூன்றாம் நாள், எட்டாம் நாள் என்று பேசும்போது பெரும்பாலும் அப்படித்தான் எண்ணுகிறோம்.

இந்த ஒரு நாள் வித்தியாசம் ரோமைப் பேரரசையே தடுமாற வைத்தது. ஜூலியஸ் சீசர் கி.மு. 46இல் நாள்காட்டியைத் திருத்தி, நான்கு ஆண்டுக்கு ஒரு முறை ஒரு நாளைக் கூட்டச் சொன்னார். அதுதான் நம் லீப் ஆண்டு. அவர் கொல்லப்பட்ட பிறகு, பொறுப்பிலிருந்த ரோமைப் பூசாரிகள் தொடக்க ஆண்டையும் சேர்த்து எண்ணி, மூன்று ஆண்டுக்கு ஒரு முறை நாளைக் கூட்டிவிட்டார்கள். 36 ஆண்டுகளில் 9 நாள் கூட்ட வேண்டிய இடத்தில் 12 நாள் கூடிவிட்டது. பேரரசர் அகுஸ்துஸ் மூன்று லீப் ஆண்டுகளை விட்டுவிடச் செய்து சரிசெய்தார்.

இதே ஒன்று கூடும், ஒன்று குறையும் தவறு இன்றும் மென்பொருள் எழுதுகிறவர்களை விடுவதில்லை. உங்கள் பிள்ளைகள் கல்லூரியில் கற்கும் 'சி', 'ஜாவாஸ்கிரிப்ட்' போன்ற நிரல்மொழிகளில் மாதங்களின் எண் பூச்சியத்தில் தொடங்குகிறது. ஜனவரிக்கு 0, டிசம்பருக்கு 11. இதை மறந்து டிசம்பர்தானே என்று 12 என எழுதினால், ஜாவாஸ்கிரிப்ட் முறையிடாது. கிறிஸ்துமஸைக் கொண்டுபோய் அடுத்த ஆண்டு ஜனவரி 25இல் வைத்துவிடும்.

எண்ணுவதற்கு ஒரு தொடக்கமும் வேண்டும். எந்த நாளிலிருந்து எண்ணுவது? ஆறாம் நூற்றாண்டு வரை, உயிர்ப்பு விழா அட்டவணைகளில் ஆண்டுகளை, பேரரசர் தியோக்கிளேசியன் பதவியேற்ற 284ஆம் ஆண்டிலிருந்து எண்ணிவந்தார்கள். தியோக்கிளேசியன் யார்? கிறிஸ்தவர்களை ஆயிரக்கணக்கில் கொன்றவர். 525ஆம் ஆண்டு, உரோமையில் வாழ்ந்த தியோனீசியுஸ் எக்சிகுவுஸ் என்ற துறவி புதிய அட்டவணை தயாரித்தபோது, அந்தக் கொடுங்கோலனின் பெயரால் இனி எண்ண வேண்டாம், ஆண்டவரின் மனிதப் பிறப்பிலிருந்து எண்ணுவோம் என்று முடிவு செய்தார். எக்சிகுவுஸ் என்றால் சிறியவர் என்று பொருள். தம்மைச் சிறியவர் என்று அழைத்துக்கொண்ட ஒருவர் தொடங்கிவைத்த கணக்கைத்தான் இன்று உலகம் முழுவதும், நம்புகிறவரும் நம்பாதவரும், பயன்படுத்துகிறார்கள். அவர் கணக்கிலும் பிழை உண்டு. ஏரோது கி.மு. 4இல் இறந்தான் என்பது பெரும்பாலான அறிஞர் கருத்து. ஆண்டவர் பிறந்தபோது ஏரோது உயிரோடு இருந்தான் என்று நற்செய்தி சொல்கிறது. அப்படியானால் கணக்கு சில ஆண்டுகள் தள்ளியிருக்கிறது. மேலும் அந்தக் கணக்கில் பூச்சியமாம் ஆண்டு கிடையாது. கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1.

சீசரின் கணக்கிலும் ஒரு சிறிய பிழை ஒளிந்திருந்தது. ஆண்டின் நீளம் 365 நாளும் 6 மணியும் என்று அது வைத்திருந்தது. உண்மையில் ஏறக்குறைய 11 நிமிடம் குறைவு. பதினொரு நிமிடம் என்ன பெரிது என்று தோன்றும். ஆனால் அது 128 ஆண்டுகளில் ஒரு முழு நாளாகிவிடுகிறது. பதினாறாம் நூற்றாண்டில் சம இரவு நாள் மார்ச் 21இல் வராமல் மார்ச் 11 வாக்கில் வந்துகொண்டிருந்தது. வத்திக்கானில் 'காற்றுகளின் கோபுரம்' என்று ஒன்று உண்டு. சுவரிலுள்ள துளை வழியே வரும் சூரியக் கதிர் தரையிலுள்ள கோட்டில் எங்கே விழுகிறது என்று அங்கே பார்க்கலாம். கதிர் பொய் சொல்லாது. நாள்காட்டி பத்து நாள் தவறியிருந்தது.

திருத்தும் வழியைக் கண்டவர் லூயிஜி லிலியோ என்ற கலாபிரியா நாட்டு மருத்துவர். அவர் 1576இல் இறந்துபோனார். அவருடைய கையெழுத்துப் படியை அவர் சகோதரர் அந்தோனியோ திருத்தந்தையிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். இயேசு சபைக் கணித அறிஞர் கிறிஸ்டோபர் கிளாவியுஸ் அதை ஆராய்ந்து உலகுக்கு விளக்கினார். 1582 பிப்ரவரி 24 அன்று திருத்தந்தை 13ஆம் கிரகோரி ஆணை வெளியிட்டார். அந்த ஆண்டு அக்டோபர் 4 வியாழனுக்கு மறுநாள், அக்டோபர் 15 வெள்ளி. நடுவில் பத்துத் தேதிகள் இல்லவே இல்லை.

அந்த இரவில்தான் ஸ்பெயின் நாட்டு ஆல்பா தெ தோர்மெஸ் மடத்தில் அவிலா நகர்ப் புனித தெரேசா இறைவனடி சேர்ந்தார். அக்டோபர் 4 இரவு இறந்தார். விடிந்தால் அக்டோபர் 15. அவருடைய திருநாளை நாம் அக்டோபர் 15இல் கொண்டாடுவதற்குக் காரணம் புரிகிறதல்லவா?

பத்து நாளை நீக்கினால் மட்டும் போதாது. மறுபடி தவறாமல் இருக்க வேண்டும். அதற்காகத்தான் புதிய விதி. நான்கால் வகுபடும் ஆண்டு லீப் ஆண்டு. ஆனால் 1700, 1800, 1900 போன்ற நூற்றாண்டு முடிவுகள் லீப் ஆண்டு அல்ல. அவற்றிலும் 1600, 2000 போல 400ஆல் வகுபடுவது லீப் ஆண்டு. மூன்றே வரி. இந்த மூன்று வரியும் இன்று உலகத்தின் எல்லாக் கணினிகளுக்குள்ளும் ஏதோ ஒரு வடிவில் எழுதப்பட்டிருக்கிறது. ஜாவா நிரல்மொழியில் இதற்கான ஒரு பகுதிக்கு அந்தத் திருத்தந்தையின் பெயரே இடப்பட்டிருக்கிறது: கிரிகோரியன் காலண்டர். 1582 அக்டோபர் 4க்கு மறுநாள் எது என்று அதனிடம் கேட்டால், அக்டோபர் 15 என்றே சொல்லும்.

ஆனால் எல்லா நாடும் அன்றே ஏற்கவில்லை. சமயப் பிளவின் காயங்கள் ஆறாத காலம் அது. இத்தாலியும் ஸ்பெயினும் போர்ச்சுக்கலும் போலந்தும் உடனே ஏற்றன. பிரிட்டன் 170 ஆண்டு காத்திருந்து, 1752இல் செப்டம்பர் 2க்கு மறுநாளைச் செப்டம்பர் 14 ஆக்கியது. யூனிக்ஸ் கணினிகளில் அந்த மாதத்து நாள்காட்டியைக் காட்டச் சொன்னால், இன்றும் பதினொரு நாள் ஓட்டையோடு வரும். சுவீடன் நாடு கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்துவோம் என்று தொடங்கி, பாதியில் மறந்து, குழம்பி, கடைசியில் பழையதற்கே திரும்புவதற்காக 1712இல் பிப்ரவரி 30 என்று ஒரு நாளை வைத்தது! ரஷ்யா 1918இல்தான் மாறியது. அதனால்தான் அவர்களுடைய அக்டோபர் புரட்சியின் ஆண்டு நாள் நவம்பர் 7.

ஆகவே, ஒரு பழைய தேதியைப் பார்த்ததும், எந்த ஊர்த் தேதி, எந்தக் கணக்கில் எழுதியது என்று கேட்காமல் கூட்டவோ கழிக்கவோ முடியாது. இலங்கையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் சகோதரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 1996இல் அங்கே கடிகாரத்தை முன்னால் நகர்த்தினார்கள்; பிறகு அரை மணி பின்னால்; 2006 ஏப்ரலில் மறுபடி பழைய ஐந்தரை மணிக் கணக்குக்கே வந்தார்கள். இப்படி ஒவ்வொரு நாட்டிலும் எப்போது என்ன நேரம் இருந்தது என்பதைச் சேர்த்துவைக்கும் ஒரு பதிவுத் தொகுப்பு இருக்கிறது. 1980களில் ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பவர் தொடங்கியது. தன்னார்வலர்கள் இன்றும் அதைத் திருத்திவருகிறார்கள். நம் செல்போன் சரியான நேரம் காட்டுகிறது என்றால், முகம் தெரியாத அந்த மனிதர்களின் உழைப்பும் அதற்குள் இருக்கிறது.

இப்போது என் பாட்டியிடம் திரும்ப வருகிறேன். அவரைப் போலவே ஒரு தாய் ஜெர்மனியில் இருந்தார். அவருக்கு எழுதத் தெரியாது. மகன் பிறந்த தேதியைக் குறித்துவைக்கவில்லை. ஒரு புதன்கிழமை, ஆண்டவரின் விண்ணேற்றத் திருநாளுக்கு எட்டு நாள் முன்பு என்பது மட்டும் நினைவிருந்தது. மகன் வளர்ந்து தானே கணக்குப் போட்டுப் பார்த்தான். 1777இல் உயிர்ப்பு விழா மார்ச் 30. விண்ணேற்றம் மே 8. அதற்கு எட்டு நாள் முன்பு, ஏப்ரல் 30, புதன். அந்த மகன் கார்ல் பிரீட்ரிக் கௌஸ், உலகம் கண்ட மிகப் பெரிய கணித மேதைகளில் ஒருவர். எந்த ஆண்டுக்கும் உயிர்ப்பு விழாவின் தேதியைச் சொல்லும் ஒரு சூத்திரத்தை 1800இல் அவர் வெளியிட்டார். அதில் ஒரு பிழை இருந்தது. 1816இல் அதைத் தாமே திருத்தி வெளியிட்டார். மேதைக்கும் கணக்கு தவறும். தவறியதைச் சொல்ல அவர் தயங்கவில்லை.

இனி நம் காலத்துக்கு வருவோம். என் பாட்டி பிறந்த அதே 1928இல், ஐ.பி.எம். நிறுவனம் 80 துளைப் பத்திகள் கொண்ட அட்டையை அறிமுகம் செய்தது. ஒரு மனிதரைப் பற்றிய செய்தி முழுவதும் அந்த 80 இடத்துக்குள் அடங்க வேண்டும். இடம் போதாது. அதனால் 1958 என்று எழுதாமல் 58 என்று மட்டும் எழுதினார்கள். 19 என்பது எல்லாருக்கும் தெரியும்தானே! பிறகு வந்த கணினிகளிலும் நினைவகம் விலை மிகுந்தது என்பதால் அதே வழக்கம் தொடர்ந்தது. அதைச் செய்தவர்களை முட்டாள்கள் என்று சொல்ல மாட்டேன். சிக்கனமாக இருந்தார்கள். தாங்கள் எழுதியது இத்தனை ஆண்டு ஓடும் என்று அவர்கள் நினைக்கவில்லை.

ஒருவர் நினைத்தார். பாப் பீமர் என்ற அமெரிக்கர். 1950களின் இறுதியில், தலைமுறை தலைமுறையாகக் குடும்பப் பதிவுகளைத் தொகுக்கும் மென்பொருள் வேலையில் ஈடுபட்டபோது, 58 என்றால் 1858ஆ, 1958ஆ என்ற கேள்வி அவருக்கு எழுந்தது. பிறப்பு இறப்புப் பதிவுகளைக் கையாளும் எவருக்கும் எழ வேண்டிய கேள்வி அது. 1971இல் அச்சிலும் எச்சரித்தார். கேட்பார் அதிகம் இல்லை.

1990களின் முடிவில் உலகம் விழித்தது. 99க்கு அடுத்து 00 வந்தால் கணினி அதை 1900 என்று எடுத்துக்கொள்ளும். வங்கிக் கணக்கு, மின்சாரம், மருத்துவமனை என்று எல்லாவற்றிலும் தேடித் தேடித் திருத்த வேண்டியிருந்தது. அந்தச் செலவு உலகளவில் 30,000 கோடி டாலர் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அந்த வேலையில் பெரும் பங்கு நம் நாட்டுப் பிள்ளைகளிடம் வந்தது. சென்னையிலும் பெங்களூரிலும் பல்லாயிரம் பேர் இரவு பகலாக உட்கார்ந்து, தாங்கள் பிறப்பதற்கு முன்பே யாரோ எழுதிய பழைய கோபால் மொழி நிரல்களை வரி வரியாகப் படித்தார்கள். நம் குடும்பங்களில் முதல் தலைமுறைக் கணினிப் பொறியாளர்கள் பலர் அப்படித்தான் உருவானார்கள். 2000 ஜனவரி 1 பெரிய சேதம் இல்லாமல் விடிந்தது. உடனே சிலர், இது வெறும் பூச்சாண்டி என்றார்கள். திருடன் வராததால் காவல்காரன் தேவையில்லை என்று சொல்வதுபோல!

ஆனால் சேதமே இல்லாமலும் போகவில்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், கருவிலிருக்கும் குழந்தைக்கு டவுன் நோய்க்குறி இருக்கும் வாய்ப்பைக் கணக்கிடும் கணினி ஒன்று இருந்தது. அந்தக் கணக்குக்குத் தாயின் வயது மிக முக்கியம். 2000ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் அது தாய்மாரின் வயதைத் தவறாகக் கணக்கிட்டது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளுக்குத் தவறான முடிவு கிடைத்தது. சற்று நினைத்துப் பாருங்கள், சகோதரிகளே. வயிற்றில் பிள்ளையோடு அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கிய தாய்மார் எவ்வளவு நம்பி வாங்கியிருப்பார்கள்! அதை வைத்துக் குடும்பங்கள் எடுத்த முடிவுகளைத் திரும்ப எடுக்க முடியுமா? எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பு யாரோ இரண்டு இலக்கத்தை மிச்சம் பிடித்தார். அந்தக் கடன் ஒரு தாயின் வயிற்றில் வந்து நின்றது.

இன்னொரு செய்தியும் சொல்கிறேன். 1983இல் லோட்டஸ் 1-2-3 என்ற கணக்கு அட்டவணை மென்பொருள் வந்தது. அதில் 1900ஆம் ஆண்டு லீப் ஆண்டு என்று தவறாக வைத்திருந்தார்கள். கிரகோரியாரின் விதிப்படி அது லீப் ஆண்டு அல்ல. பின்னால் வந்த எக்செல், லோட்டஸில் செய்த கணக்குகள் தன்னிடம் பிசகாமல் வர வேண்டும் என்பதற்காக, தவறு என்று தெரிந்தே அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. இன்றும் உங்கள் வீட்டுக் கணினியில் எக்செல் இருந்தால், இல்லாத ஒரு நாளான 1900 பிப்ரவரி 29ஐ அதில் பார்க்கலாம். இப்போது திருத்தினால் கோடிக்கணக்கான கணக்குகள் ஒரு நாள் தவறிவிடும் என்பது அவர்களின் கவலை. அந்தக் கவலையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் 1582இல் இருந்தவர்களுக்கும் அதே கவலை இருந்தது என்பதை மறக்கக் கூடாது. ஆயிரத்து அறுநூறு ஆண்டு வழக்கம் அது. வாடகை, வட்டி, திருவிழா, சந்தை எல்லாமே அந்தத் தேதிகளில் தொங்கிக்கொண்டிருந்தன. ஆனாலும் பத்து நாளை நீக்கத் துணிந்தார்கள். தவறு பழையது என்பதால் அது சரியாகிவிடாது. தள்ளிப்போட்டால் திருத்தும் செலவுதான் கூடும்.

இப்போது நம் கண் முன்னே இன்னொரு நாள் காத்திருக்கிறது. யூனிக்ஸ் வழிவந்த கணினிகள் 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து, கிரீன்விச் நேரப்படி, நொடிகளை எண்ணிக்கொண்டே வருகின்றன. பழைய கருவிகளில் அந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடியில் நிரம்பிவிடும். அடுத்த நொடியில் அவை 1901 டிசம்பர் 13க்குத் திரும்பிப் போகும். புதிய கணினிகளில் இடத்தை இரண்டு மடங்காக்கிவிட்டார்கள். அது 29,000 கோடி ஆண்டுக்குப் போதும். ஆனால் சுவருக்குள்ளும் இயந்திரங்களுக்குள்ளும் பதிந்துகிடக்கும் பழைய கருவிகளை யார் தேடி மாற்றுவார்? அந்தத் துறையில் வேலை செய்யும் நம் பிள்ளைகள்தான் மாற்ற வேண்டும். பிள்ளைகளே, நான் பேசுவது உங்களிடம்தான். "நான் அந்த கம்பெனியில் அதுவரை இருக்க மாட்டேன்" என்று சொல்லிக் கடந்துபோகாதீர்கள். 80 பத்தி அட்டையில் எழுதியவரும் அப்படித்தான் நினைத்தார்.

அன்பார்ந்தவர்களே, நாள்களை எண்ணும் அறிவைத் தரும்படி இறைவனிடம் கேட்கும் திருப்பாடல் ஒன்று நம் விவிலியத்தில் இருக்கிறது, தொண்ணூறாவது திருப்பாடல். நம் வாழ்நாள் குறுகியது என்பதை உணர்வதற்காக அந்த மன்றாட்டு என்று இதுவரை விளக்கம் சொல்லிவந்தேன். இப்போது அதோடு ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். நாம் இன்று எழுதும் தேதியை, நாம் போன பிறகு யாரோ படிக்கப்போகிறார்கள். அவர்களுக்கு நாம் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல முடியாது. ஆகவே முழுமையாக எழுதுவது, இன்னும் பிறக்காதவர்களுக்கு நாம் செய்யும் அன்புப் பணி.

திரெந்து திருச்சங்கம் 1563இல் திருமுழுக்குக்கும் திருமணத்துக்கும் பதிவேடு வைக்கச் சொன்னது. அந்தப் பொறுப்பு இன்று நம் கையில், சில இடங்களில் கணினி வடிவில் இருக்கிறது. ஆகவே மூன்று வேண்டுகோள். பதிவேட்டிலும் படிவத்திலும் ஆண்டை நான்கு இலக்கத்தில் எழுதுங்கள். மாதத்தை எண்ணாக எழுதாமல் பெயரால் எழுதுங்கள். ஆகஸ்டை யாரும் டிசம்பர் என்று படிக்க மாட்டார்கள். பழைய பதிவேட்டைக் கணினியில் ஏற்றிய பிறகு, ஒருவர் வாசிக்க, ஒருவர் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏற்றியாயிற்று என்று மூலத்தைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள்.

எங்கள் பங்கில் அந்த ஆண்டு அப்படித்தான் செய்தோம். இளைஞர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். இந்த முறை ஊர்ப் பெரியவர்களையும் பக்கத்தில் உட்காரவைத்தோம். மங்கிப்போன எழுத்து வரும்போது, "அவன் தேர்த் திருவிழாவுக்கு மறுநாள் பிறந்தவன்", "இவள் பெரிய வியாழனன்று பிறந்தவள்" என்று அவர்கள் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் நாள்காட்டியோடு சரிபார்த்துத் திருத்தினார்கள். இன்னும் பிறக்கவில்லை என்று கணினி சொன்ன பலரை அந்தக் கோடையில் பிறக்கவைத்தோம்.

பாட்டிக்கும் உதவித்தொகை வந்தது. முதல் மாதப் பணம் வாங்கியதும் ஒரு மெழுகுதிரியோடு கோயிலுக்கு வந்தார். "இப்போ நான் பிறந்துட்டேனா சாமி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

பிறந்துவிட்டீர்கள் பாட்டி. 1928 ஆகஸ்ட் 12, ஞாயிற்றுக்கிழமை. இனி யாரும் அதை மாற்ற முடியாதபடி, நான்கு இலக்கத்தில் எழுதிவைத்துவிட்டோம்.

நாள்களையெல்லாம் தம் கையில் வைத்திருக்கும் இறைவன் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.